ஒரு கை கப்பலுக்கு. ஒரு கை தனக்கு

பாய்க்கப்பல் பந்தயம் என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்முன் ஒரு சித்திரம் தோன்றும். நீலக் கடல்; அதன்மேல் அன்னம்போல் சாய்ந்து செல்லும் வெள்ளைப் பாய்; அந்தப் பாயின் நிழலில், ஒரு கையில் பானக் கிண்ணமும் மறு கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியுமாக வீற்றிருக்கும் ஒரு சீமான். இது கரையில் நின்று கடலைக் கண்டவர்கள் தீட்டிய சித்திரம். உண்மையில் அந்தக் கப்பலில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ நனைந்தும் நடுங்கியும், அரைத் தூக்கத்துடனும், பற்றிய கயிற்றை விடாமல் இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி பெறுவதில்லை. கப்பல் அவர்களுடையது அன்று. வெற்றிக் கிண்ணத்தில் பொறிக்கப்படும் பெயரும் அவர்களுடையதாக இராது. அப்படியிருந்தும், அடுத்த பந்தயத்துக்கு நம்மை அழைப்பார்களோ மாட்டார்களோ என்பதே அவர்களுடைய பெருங் கவலையாக இருக்கும்.

மேனாட்டு மாலுமிகளிடையே ஒரு பழமொழி வழங்கிவருகிறது: "ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு" என்பது அது. பாய்மரத்தின் மேலேறிப் பாயைச் சுருட்டுபவன் இரண்டு கைகளாலும் பாயையே பற்றினால், கப்பல் ஒரு முறை உருளும்போது கடலில் விழுந்து மடிவான். இரண்டு கைகளாலும் மரத்தையே தழுவிக்கொண்டிருந்தால் பாய் கிழியும், கப்பலே கெடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு தர்மம் வகுத்தார்கள். நம் நாட்டிலோ, இரண்டு கைகளையும் பிறருக்கே கொடுத்துவிடுபவரைத் தியாகி என்று கொண்டாடிப் பழகியிருக்கிறோம். கடல் அதை ஒப்புக்கொள்கிறதா என்று இவ்வாரம் பார்ப்போம்.

* * *

முதலில் இந்தக் கூட்டத்தார் யார், என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வோம். பின்புறத்தில் சுக்கானைப் பிடிப்பவர் ஒருவர். அவர் பக்கத்தில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் மற்றக் கப்பல்களையும் கவனித்து, "இப்போது திரும்பலாம்" என்று யோசனை சொல்பவர் ஒருவர். பெரிய பாயின் கயிற்றுக்கு ஓர் ஆள்; முன்பாயின் கயிற்றுக்கு ஓர் ஆள்; கயிறு சுற்றும் உருளையைச் சுழற்றத் தோள்வலி படைத்த ஓர் ஆள்; பாய்மரத்தடியில் ஓர் ஆள். எல்லாருக்கும் முன்னே, அலை முதலில் வந்து அறையும் முனையில், பாய் மாற்றுவதற்கென்று ஓர் ஆள். இவ்வளவு வேலைகளும் சில விநாடிகளில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகாமல் நடந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி போடும் நேரத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமையற்கட்டை முப்பது பாகை சாய்த்து, குடம் குடமாகக் குளிர்ந்த நீரையும் வாரி இறைத்தால் எப்படியிருக்குமோ, அதுதான் பந்தயக் கப்பலின் மேல்தளம்.

வேலையில்லாத நேரத்திலும் ஓய்வில்லை. காற்றின் வேகத்தால் கப்பல் ஒரு புறம் சாயும்போது, மறு புறத்து விளிம்பில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, தம் தேகத்தின் பாரத்தையே கப்பலுக்கு எதிரெடையாகக் கொடுக்க வேண்டும். மணிக்கணக்காக அப்படி உட்கார்ந்திருப்பவனுக்குப் புகழும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் அவன் எழுந்துவிட்டால் வேகம் குறையும். இருவர் மட்டுமே செலுத்தும் சிறு வேகப் படகுகளில் இந்த உண்மை இன்னும் தெளிவாகத் தெரியும். நம் சென்னையைச் சேர்ந்த கே. சி. கணபதியும் வருண் தாக்கரும் 2018-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளில் வெண்கலப் பதக்கம் பெற்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டது அத்தகைய படகில்தான். பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் இடுப்பைக் கொக்கியிட்டு, இருவரும் படகுக்கு வெளியே நீருக்கு மேலாகச் சாய்ந்து நிற்பார்கள். ஒருவர் அரை விநாடி தவறினால் இருவருக்கும் முழுக்குத்தான்!

* * *

வங்கக் கடலில் முழுக்கு என்றால் அது சிரித்து மறக்கத்தக்க சங்கதி. வட அட்லாண்டிக் கடலிலோ அப்படியல்ல. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கௌஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்கே கடல் நடுவிலுள்ள பாஸ்ட்நெட் என்னும் பாறையைச் சுற்றித் திரும்பும் பந்தயம் உலகப் பிரசித்தி பெற்றது. 1925-இல் ஏழே கப்பல்களுடன் தொடங்கிய அப்பந்தயத்தின் முதல் வெற்றியை, பிரெஞ்சுத் துறைமுகத்தில் வழிகாட்டிக் கப்பலாக உழைத்த 'ஜோலி பிரீஸ்' பெற்றது. நடு வேனிற் காலமாகிய ஆகஸ்டு மாதத்தில்தான் இப்பந்தயம் பெரும்பாலும் நடப்பது. ஆயினும் நள்ளிரவில் நனைந்த உடையோடு விளிம்பில் அமர்ந்திருப்பவனுக்கு அது வேனில் அன்று. மார்கழியும் தையும் சேர்ந்து தாக்குவது போன்றது.

இக்குளிரின் தந்திரத்தை அறிந்துகொள்வது நல்லது. காற்று நம் தேகத்து உஷ்ணத்தைக் கொள்ளை கொள்ளும் வேகத்தைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகத்தில் கொள்ளை கொள்ளும். நாம் பெரிதும் நம்பும் பருத்தித் துணியோ தண்ணீரை உறிஞ்சி, விடாமல் தேகத்தோடு அணைத்துக்கொள்ளும். நமது வெயிலுக்கு அமிருதமான குணம், அங்கே விஷம். ஆதலால் கடலோடிகள் மூன்று அடுக்காக உடுத்துகிறார்கள். தேகத்தை ஒட்டி மெல்லிய கம்பளியோ, நீர் உறிஞ்சாத செயற்கை நூலோ. அது வியர்வையை வெளியே தள்ளும். அதன்மேல் பஞ்சுபோல் காற்றைப் பிடித்து வைக்கும் தடித்த சட்டை. உஷ்ணத்தைக் காப்பது உண்மையில் துணியன்று, துணிக்குள் சிறைப்பட்ட காற்றே. எல்லாவற்றுக்கும் மேல், காற்றும் நீரும் புகாத உறை.

அந்த மேலுறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. நார்வே நாட்டில் ஹெல்லி ஹான்ஸன் என்ற கப்பல் தலைவரும் அவர் மனைவியும் 1877-இல் கடலோடிகளுக்கென்று அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆளிச் செடியின் நாரில் நெய்த முரட்டுத் துணியை, அதே செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெயில் தோய்த்துக் காயவைத்தார்கள். மழை உள்ளே வராது. ஆனால் உள்ளிருக்கும் வியர்வையும் வெளியே போகாது. மழைத்துளி புகாமல் தடுத்து, வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடும் நுண்ணிய சவ்வு ஒன்றை அமெரிக்கரான ராபர்ட் கோர் 1969-இல் கண்டுபிடித்த பிறகே அந்தத் தொல்லைக்கு வழி பிறந்தது.

ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த உடுப்பானாலும், பைக்குள் இருக்கும்வரையில் அதனால் பயனில்லை. குளிர் வந்தபின் உடுத்துவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போலத்தான். கப்பல் குலுங்கும்போது கீழறைக்குச் சென்று, ஒற்றைக் காலில் நின்று கால்சட்டை மாட்டுவதற்குள் வயிறு புரளத் தொடங்கிவிடும். எனவே அநுபவசாலிகள் வானம் தெளிவாயிருக்கும்போதே உடுத்திக்கொள்கிறார்கள். கழுத்து வழியே நீர் இறங்காமலிருக்க ஒரு சிறு துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். தலைக்குக் கம்பளிக் குல்லாய். கைக்கு, கயிற்றின் முடிச்சை அவிழ்க்க விரல் நுனி திறந்த உறை. ஒரு ஜதை உலர்ந்த காலுறையை மட்டும் நீர் புகாத பையில் கட்டி வைத்து, கிருபணன் பொன்னைக் காப்பதுபோல் காப்பாற்றுகிறார்கள்.

குளிர் கண்டவனுக்குத் தான் குளிர் கண்டிருப்பது தெரியாது என்பது இன்னொரு விபரீதம். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் தடுமாறும், பேச்சுக் குழறும், புத்தி மந்தமாகும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவன் சொல்வதே அபாயக் குறியாகும். தண்ணீரில் விழுந்தவன் கதை இன்னும் கடுமை. கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் அதை எளிய கணக்காகச் சொல்லியிருக்கிறார்: மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால், மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவர 1 நிமிஷம், கை கால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிஷம், நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி. அந்த ஒரு மணி நேரமும் மிதவைச் சட்டை அணிந்தவனுக்குத்தான் உண்டு. அணியாதவனுக்கு, எவ்வளவு தேர்ந்த நீச்சற்காரனாயினும், பத்து நிமிஷத்தோடு கணக்கு முடிந்துவிடலாம்.

ஆகவே உடுப்பு என்பது அலங்காரமும் அன்று, சொந்த சௌகரியமும் அன்று. ஒருவன் குளிரில் விறைத்துப்போனால், அவனை அணைத்து உள்ளே கொண்டுபோக இருவர் வேண்டும்; பத்துப் பேரில் மூவர் குறைந்துபோவார்கள். தன்னைக் காத்துக்கொள்ளாதவன் தன் கூட்டத்துக்குப் பாரமாகிறான். இதுவே 'உனக்கு' என்று சொன்ன அந்த ஒரு கையின் பொருள்.

* * *

இனி, 'கப்பலுக்கு' என்ற மற்றக் கைக்கு வருவோம். அதற்குக் கடலோடிகள் வகுத்திருக்கும் மரியாதைகள் பல. எழுதப்படாத அந்தச் சாஸ்திரம் கரையிலேயே ஆரம்பமாகிறது. வருவதாகச் சொன்னால் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். வர இயலாதென்றால் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் ஒன்பது பேருடைய உழைப்பு வீணாகும். பெட்டி கூடாது; மடக்கிச் செருகக்கூடிய சிறு பை போதும். தெருவில் நடந்த செருப்போடு தளத்தில் கால் வைக்கலாகாது. முதன்முதலில் ஒரு கப்பலில் ஏறுபவர், "வரலாமா?" என்று கேட்டுவிட்டு ஏறுவது அழகு. கப்பல் தலைவருக்கும் கடமை உண்டு: மிதவைச் சட்டை எங்கே, தீயணைக்கும் கருவி எங்கே, ஒருவன் கடலில் விழுந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புதியவனுக்குச் சொல்லாமல் கயிற்றை அவிழ்க்கலாகாது.

பந்தயம் தொடங்கும் வேளையில் சுக்கானியிடம் பலர் பேசக்கூடாது. ஒரே குரல்தான் அவர் காதில் விழ வேண்டும். உத்தரவு கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றின் இரைச்சலில், தலையசைப்பு ஒரு விடையாகாது. கயிறு சிக்கிக்கொண்டால், "சிக்கிவிட்டது" என்று அந்தக் கணமே உரக்கச் சொல்லிவிட வேண்டும். மறைத்த சிக்கல் பாயைக் கிழிக்கும். யார் பிழை என்ற விசாரணையோ, கரை சேர்ந்த பிறகுதான். கரையிலும் அது தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியதேயன்றி, மற்றக் கப்பல்காரர்களிடம் சொல்லி நகைக்க வேண்டியதன்று.

இரவில் முறை மாற்றிக் காவல் இருப்பதுதான் மரியாதையின் உச்சமான பரீட்சை. பாதிப் பேர் மேலே. பாதிப் பேர் கீழே உறக்கத்தில். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம் என்பது வழக்கமான ஏற்பாடு. ஐந்து நிமிஷம் தாமதமாக மேலே வருபவன் திருடுவது சாமான்யப் பொருளையன்று, நனைந்து நிற்கும் நண்பனின் தூக்கத்தை. எனவே கால் மணி முன்பாகவே எழுப்புகிறார்கள். எழுப்பும் விதத்திலும் ஒரு நயம் உண்டு. தோளைத் தொட்டு, சூடான தேநீரைக் கையில் கொடுத்து, "மழை இல்லை; ஆனால் அலை மேலே வருகிறது; உறையைப் போட்டுக்கொண்டு வா" என்று சொல்வான். எதை உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தாயின் பரிவு இருக்கிறது. எழுந்து போனவனுடைய சூடு ஆறுவதற்குள் அதே படுக்கையில் இன்னொருவன் படுப்பான். ஆகையால் ஈர உடையோடு படுக்கையில் விழுவது மகா பாதகம். கழிவறைச் சங்கதி ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது: ஆடும் கப்பலில் ஆடவரும் உட்கார்ந்தே காரியம் பார்க்க வேண்டும், பார்த்தபின் துடைத்துவிட்டு வர வேண்டும். சில வீடுகளிலும் இந்தச் சட்டம் வந்தால் நல்லதென்று நம் வாசகிகள் கருதக்கூடும்.

கடல் மயக்கம் வந்தவன் அதை மறைக்கலாகாது. பல நாள் கடலில் கிடந்தவர்களுக்கும் அது வருவதுண்டு. அதில் அவமானம் ஏதுமில்லை. காற்று வீசிச் செல்லும் பக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர் அருந்தி, இடுப்பு வாரைக் கப்பலோடு கொக்கியிட்டுக்கொண்டு இயன்ற வேலையைச் செய்வான். சமைப்பவரைக் குறை சொல்வது கூடாது. அந்த ஆட்டத்தில் ஒரு பானையில் கஞ்சி கொதிக்க வைப்பதே வீரச் செயல். 1985–86-இல் உலகைச் சுற்றிய விட்பிரெட் பந்தயத்தில், ஆடவர் கூட்டத்தினிடையே சமையற்காரியாகச் சேர்ந்தார் ட்ரேஸி எட்வர்ட்ஸ் என்ற இளம்பெண். அடுத்த பந்தயத்தில், 1989-ஆம் ஆண்டு, அவரே தலைவியாகி, பெண்கள் மட்டுமே செலுத்திய 'மெய்டன்' என்ற கப்பலில் உலகைச் சுற்றிவந்தார். தம் வகுப்பில் இரண்டு கட்டங்களில் முதலிடமும், மொத்தத்தில் இரண்டாம் இடமும் பெற்றார். அடுப்படியில் நின்றவர் கப்பல் முழுவதையும் கற்றுக்கொண்டிருந்தார்!

பந்தயம் முடிந்ததும் மரியாதை முடிந்துவிடுவதில்லை. பாயை மடித்து, கயிறு சுருட்டி, தளத்தைக் கழுவி, கடைசி வாளி நீர் கவிழ்ந்த பிறகே எல்லாரும் ஒன்றாக இறங்குவது வழக்கம். "எனக்கு அவசர வேலை" என்று கோப்பு வேலை தொடங்குமுன் நழுவுபவனை மறுமுறை அழைப்பதில்லை.

* * *

இவையெல்லாம் வெறும் சம்பிரதாயங்களா, உயிர்ச் சம்பந்தமானவையா என்பதைக் கடல் இரண்டு முறை கொடுமையாக எடுத்துக் காட்டியது.

1979-ஆம் ஆண்டு பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 கப்பல்கள் புறப்பட்டன. ஆகஸ்டு 13-ஆம் தேதி இரவு, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு உக்கிரமான புயல் அவற்றைப் பிடித்தது. பல கப்பல்கள் அலைகளால் புரட்டப்பட்டன. சிலருடைய பாதுகாப்பு வார்களின் பிணைப்புகள் அறுந்துபோயின. பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் உயிரிழந்தனர். புறப்பட்ட கப்பல்களில் மூன்றில் ஒரு பங்குகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. பின்னர் நடந்த விசாரணையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. மாலுமிகளால் கைவிடப்பட்ட கப்பல்கள் 24. அவற்றுள் மூழ்கியவை 5. மற்ற 19 கப்பல்களும் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தன. அவற்றை விட்டு ரப்பர்த் தெப்பங்களில் இறங்கியவர்களில் சிலர், தெப்பம் கிழிந்தும் கவிழ்ந்தும் மாண்டார்கள். அந்த இருளில் அஞ்சியவர்களைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. ஆயினும், கப்பலுக்குக் கொடுத்த கையை எளிதில் எடுத்துவிடாதே என்பது அன்று கடலோடிகள் பெற்ற பாடம். "கப்பலிலிருந்து தெப்பத்துக்கு இறங்காதே, கப்பல் மூழ்கியபின் தெப்பத்துக்கு ஏறு" என்று இன்று புதியவர்களுக்குப் போதிக்கிறார்கள்.

மறு பாடம் 2006-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி. உலகைச் சுற்றும் பந்தயத்தின் ஒரு கட்டத்தில், நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்து நோக்கி அட்லாண்டிக்கில் விரைந்துகொண்டிருந்தது 'ஏபிஎன் ஆம்ரோ டூ' என்ற கப்பல். நள்ளிரவு கழிந்த வேளை, காற்று வலுத்துக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கீழே சென்று பாதுகாப்பு வாரை அணிந்து வந்தார்கள். ஹான்ஸ் ஹோரெவூட்ஸ் என்ற டச்சுக்காரர் மட்டும் பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தார். அவருடைய முறை இன்னும் வரவில்லை. அந்த இடைவேளையில் ஓர் அலை தளத்தின்மேல் புரண்டு அவரை அடித்துச் சென்றது. தோழர்கள் கப்பலைத் திருப்பி, கொந்தளிக்கும் கடலில் இருளில் தேடி அவரைக் கண்டெடுத்தார்கள். உயிரை மீட்க முடியவில்லை. அவர் சோம்பேறியும் அல்லர், அசட்டையானவரும் அல்லர். இரண்டு கைகளும் கப்பலுக்கே கொடுக்கப்பட்டிருந்த ஒரு சில நிமிஷம், அவ்வளவுதான்.

துயரத்தில் ஆழ்ந்திருந்த அந்த இளைஞர்களை அடுத்த மூன்றே நாளில் கடல் மீண்டும் பரீட்சித்தது. போட்டியிலிருந்த 'மோவிஸ்டார்' என்ற கப்பல் அடிப்பாகம் பழுதாகி, மூழ்கும் அபாயத்தில் உதவி கோரியது. அருகிலிருந்தவர்கள் இவர்களே. மே 21-ஆம் தேதி, அக்கப்பலின் பத்துப் பேரையும் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். பத்துப் பேருக்கென்று கட்டிய கப்பல்; தோழனின் சடலமும் ஏறியிருந்த கப்பல். இடம் போதாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

* * *

சர்வதேசப் பாய்ப்படகுப் பந்தய விதிப் புத்தகத்தைத் திறந்தால், முதல் விதியிலேயே இந்த இரண்டு கைகளையும் காணலாம். அதன் முதற் பகுதி சொல்வது: அபாயத்தில் சிக்கிய எந்த மனிதருக்கும் எந்தக் கலத்துக்கும், போட்டியாளர் இயன்ற உதவி அனைத்தும் செய்தாக வேண்டும். இரண்டாம் பகுதி சொல்வது: நிலைமைக்கேற்ற மிதவைச் சட்டையை அணிவது ஒவ்வொருவருடைய சொந்தப் பொறுப்பாகும். எப்படி வெல்வது, யாருக்கு யார் வழி விடுவது என்பனவெல்லாம் அதற்குப் பிறகுதான். தவறு செய்தவன் தானே ஒப்புக்கொண்டு, நடுக்கடலில் தன் படகைச் சுழற்றித் தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொள்ளும் வழக்கமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. பரீட்சை மண்டபத்தில் கண்காணிப்பு வேலை பார்க்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இதைப் படிக்கையில் ஏக்கம் பிறக்கத்தான் செய்கிறது.

முதற் பாஸ்ட்நெட் பந்தயத்தில் வென்ற 'ஜோலி பிரீஸ்' 1932-இல் பெர்முடாத் தீவுக்கு ஓடிய பந்தயத்தில், தீப்பற்றி எரிந்த 'ஏட்ரியானா' என்ற போட்டிக் கப்பலின் பக்கத்தில் சென்று பத்துப் பேரைக் காப்பாற்றியது. நூறாண்டு கடந்த அந்தக் கப்பல் இங்கிலாந்தில் டான்ட்ஸீஸ் என்ற பள்ளிக்கூடத்தின் வசம் இருக்கிறது. பிள்ளைகளே பாயேற்றுகிறார்கள், பிள்ளைகளே தளத்தைக் கழுவுகிறார்கள், பிள்ளைகளே அதைச் செப்பனிடுகிறார்கள். ஒழுக்கத்தைப் பாடப் புத்தகத்தில் மட்டும் தேடாத ஒரு பள்ளிக்கூடம்!

நம் வீடுகளையும் ஒரு கப்பலாகக் கருதிப் பார்ப்போம். எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றை உண்டு, ஜுரத்தை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் தாய். மார்பில் வலி கண்டும் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாதென்று வாய் திறவாத தகப்பனார். பரீட்சைக்காக மூன்று இரவு விழித்து, நான்காம் நாள் மண்டபத்திலேயே மயங்கி விழும் மாணவன்: இவர்களையெல்லாம் நாம் மெச்சுகிறோம். அவர்களுடைய அன்பு மெய்யானது, சந்தேகமில்லை. ஆனால் கப்பலில் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்து, "உன் முறை வந்துவிட்டது; கயிற்றை என்னிடம் கொடு; போய் உடுத்திக்கொண்டு வா" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் அல்லர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாமே.